காத்திருக்கும் அழைப்பு: இடைநிலை மென்பொருளும் நியாய விலைக் கடையின் வரிசையும்

ஒரு கணினி மற்றொரு கணினியிடம் ஒன்றைக் கேட்டால், பதில் வந்து சேரும்வரை அங்கேயே நிற்க வேண்டுமா, கேள்வியை ஒப்படைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடலாமா என்னும் வினா, கணினிகளைக் கம்பி வழியே இணைக்கத் தொடங்கிய காலந்தொட்டுப் பொறியாளர்களிடையே இருந்துவருகிறது. நாற்பது ஆண்டுகளாக இதற்குச் சொல்லப்பட்ட விடைகள் ஒன்றையொன்று மறுத்தும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன்வாங்கியும் வளர்ந்திருக்கின்றன. எந்த விடையும் மற்றதை முற்றாக வெளியேற்றிவிடவில்லை. மென்பொருள் நிறுவனங்களின் உள்விவகாரமாகத் தோன்றும் இவ்வினா, இன்று புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நியாய விலைக் கடைக்கு வந்தவர் அன்றே அரிசியோடு வீடு திரும்புவாரா, கூலி வேலையை விட்டு மறுநாளும் வந்து நிற்பாரா என்பதைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. அதனால் அதன் வரலாற்றையும் வாதங்களையும் ஒருசேர நோக்குவது தேவையாகிறது.

விவாதத்தில் அடிக்கடி வரும் சொற்கள் மூன்று. வெவ்வேறு துறைகள் வெவ்வேறு காலங்களில் உருவாக்கிய கணினி அமைப்புகளுக்கு நடுவே நின்று, ஒன்றின் கோரிக்கையைப் பெற்று, மற்றதற்குப் புரியும் வடிவில் மாற்றி அனுப்பி, பதிலையும் அவ்வாறே திருப்பித் தருவது இடைநிலை மென்பொருள் அல்லது மிடில்வேர். ஒரு மென்பொருள் தன் பணியைப் பிற மென்பொருள்கள் வலைப்பின்னல் வழியே கேட்டுப் பெறும்படி குறிப்பிட்ட முகவரியில் திறந்து வைப்பது இணையச் சேவை. அச்சேவையை அழைத்தவர் பதிலோ பிழைச் செய்தியோ வரும்வரை அடுத்த அடி எடுத்து வைக்காமல் நிற்கும் முறையைத் துறையினர் சிங்க்ரனஸ் அழைப்பு என்பர். இக்கட்டுரை அதைக் காத்திருப்பு அழைப்பு என்று குறிக்கிறது.

அருகிலிருப்பதுபோல் எண்ணிய மரபு

காத்திருப்பு அழைப்புக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர்கள் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் ஆகியோர் ஆவர். 1984இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, தொலைவிலுள்ள கணினியின் பணியை அழைப்பது தன் கணினிக்குள்ளேயே இருக்கும் ஒரு செயல்முறையை அழைப்பதுபோல இருக்க வேண்டும் என்று வாதிட்டது. நிரலாளர் ஏற்கெனவே பழகிய வடிவத்தில் எழுதினால் போதும், வலைப்பின்னலின் சிக்கலைக் கருவி பார்த்துக்கொள்ளும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இந்த ஒப்புமையை அவர்கள் எவ்வளவு தீவிரமாகக் கொண்டார்கள் என்பதற்கு ஒரு செய்தியே போதும். உள்ளூர் அழைப்புக்குக் காலக்கெடு இல்லாததால், எதிர்முனைக் கணினி உயிரோடு இருக்கும்வரை தொலைதூர அழைப்புக்கும் காலக்கெடு வைக்காமல் விட்டனர். அதேவேளை, அழைப்பு தோல்வியுற்றால் எதிர்முனையில் வேலை ஒருமுறை நடந்ததா, நடக்கவேயில்லையா என்பதை அழைத்தவருக்குச் சொல்ல இயலாது என்பதையும் நேர்மையாகவே ஒப்புக்கொண்டனர்.

பின்வந்தவர்கள் இந்த ஒப்புதலை மறந்து ஒப்புமையை மட்டும் எடுத்துக்கொண்டதாகவே தெரிகிறது. 1990களின் இறுதியில் உருவாகி, 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகளாவிய வலைச் சங்கத்தின் குறிப்பாக 1.1 பதிப்பு வெளிவந்த ‘சோப்’ என்னும் நெறிமுறை, எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழி வடிவில் எழுதிய கோரிக்கையை வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி வழியாகவே அனுப்ப வழிசெய்தது. எச்டிடிபி இயல்பிலேயே கேட்டவுடன் பதில் சொல்லும் நெறிமுறையாதலால், இணையச் சேவை என்றாலே காத்திருப்பு அழைப்புதான் என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியது. அதே 2000இல் ராய் ஃபீல்டிங் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ‘ரெஸ்ட்’ என்னும் வேறொரு கட்டமைப்பு நோக்கை முன்வைத்தார். ஆயினும் அதைப் பின்பற்றுவதாகச் சொல்லி எழுதப்பட்ட சேவைகளுள் பெரும்பாலானவையும் நடைமுறையில் அழைத்துவிட்டுக் காத்து நிற்பவையாகவே அமைந்தன.

இம்மரபின் வலிமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. முதலில் இது, பிறகு அது என்று நிரல் மேலிருந்து கீழாக வரிசையாகப் படிக்கப்படுவதால், பிழை எங்கே நேர்ந்ததோ அங்கேயே அதைக் கையாள முடிகிறது. சோதித்துப் பார்ப்பது எளிது. புதிதாகப் பணியில் சேர்ந்தவருக்கும் புரிகிறது. கவுண்டருக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது அவருக்கு உடனே ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டியிருப்பதும் உண்மை. அரசுத் துறைகளின் இணைப்புகளுள் பல இன்றும் இந்த வடிவில் இருப்பதற்கு இவையே காரணம்.

எழுந்த மறுப்புகள்

இந்த ஒப்புமை தாங்காது என்று முதலில் விரிவாகச் சொன்னவர்கள் ஆண்ட்ரூ டேனன்பாம், ராபர்ட் வான் ரெனெஸி ஆகியோர். அவர்களுடைய விமர்சனம் 1988இல் வந்தது. 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜிம் வால்டோவும் மூன்று சக ஆய்வாளர்களும் எழுதிய குறிப்பு இன்னும் கூர்மையானது. தாமதம், நினைவக அணுக்கம், ஒருபகுதி மட்டும் செயலிழத்தல், ஒரே நேரத்தில் பல நிகழ்தல் ஆகிய நான்கிலும் தொலைவிலுள்ளதும் அருகிலுள்ளதும் அடிப்படையிலேயே வேறானவை என்றும், அவ்வேற்றுமையை மறைக்கும் கருவி நிரலாளருக்கு உதவியாக அமையாமல் அவரைத் தவறான பாதையில் விட்டுவிடும் என்றும் அவர்கள் வாதிட்டனர். நான்கனுள் ஒருபகுதிச் செயலிழப்பே இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. ஒரே கணினிக்குள் கோளாறு வந்தால் அழைத்ததும் அழைக்கப்பட்டதும் சேர்ந்தே நின்றுபோகும். இரண்டு கணினிகளில் ஒன்று நின்று மற்றது ஓடிக்கொண்டிருக்கும்போதோ, ஓடிக்கொண்டிருப்பதற்கு நின்றதன் கதி தெரியாது.

இந்த அறியாமையை எந்தத் திறமையாலும் நீக்க முடியாது என்பது 1970களிலேயே காட்டப்பட்டுவிட்டது. ஜிம் கிரே ‘இரு தளபதிகள்’ என்று பெயரிட்டு விளக்கிய புதிரின்படி, செய்தி தொலைந்துபோகக்கூடிய பாதை ஒன்றின் வழியே பேசும் இருவர், எத்தனை ஒப்புகைகள் பரிமாறினாலும், கடைசி ஒப்புகை சேர்ந்ததா என்ற ஐயத்திலிருந்து விடுபட முடியாது. காலக்கெடு முடிந்தும் பதில் வராத அழைப்புக்கு இதைப் பொருத்தினால் மூன்று நிலைகள் வெளிக்கிளம்புகின்றன: கோரிக்கை போகும் வழியில் தொலைந்திருக்கலாம், சேர்ந்து வேலையும் முடிந்து பதில் வரும் வழியில் தொலைந்திருக்கலாம், எதிர்முனை இன்னும் அந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கலாம். அழைத்தவரின் திரையில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

இரண்டாவது மறுப்பு கணக்கு சார்ந்தது. ஒரு கோரிக்கை ஐந்து சர்வர்களைத் தொட்டுத் திரும்புவதாகவும், ஒவ்வொன்றும் தனித்தனியே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் நலமாக இயங்குவதாகவும் கொண்டால், ஐந்தும் ஒரே சமயத்தில் நலமாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 95 விழுக்காடுதான். எட்டு மணி நேரம் திறந்திருக்கும் ஒரு கடைக்கு இது நாளொன்றுக்கு 23 நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலான முடக்கம் ஆகும். எந்தத் துறையைக் கேட்டாலும் தன் சர்வர் 99 விழுக்காடு இயங்கியதாக உண்மையாகவே சொல்லும்; சங்கிலியின் கடைசியில் நிற்பவருக்குக் கிடைக்கும் எண்ணை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை.

மூன்றாவது மறுப்பு, காத்திருப்பு தொற்றிப் பரவும் தன்மையைப் பற்றியது. ஒரு நொடிக்கு 100 கோரிக்கைகள் வரும் இடைநிலைச் சர்வர் ஒன்று, பின்னாலிருக்கும் சேவையிடமிருந்து அரை நொடியில் பதில் பெறுகிறது என்றால், எந்தக் கணத்திலும் ஏறத்தாழ 50 கோரிக்கைகள் அதனுள் காத்திருக்கும். இது வரிசைக் கோட்பாட்டில் லிட்டில் விதி என்று அறியப்படும் எளிய பெருக்கல். பின்னாலிருக்கும் சேவை முற்றாக விழாமல், பதில் சொல்லப் பத்து நொடி எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தளர்ந்தால், காத்திருப்பவை 1,000 ஆக வேண்டும். ஆனால் அச்சர்வர் ஒரே நேரத்தில் 200 கோரிக்கைகளை மட்டுமே தாங்கும் வகையில் அமைக்கப்பட்டிருந்தால், இரண்டே நொடிகளில் அது நிரம்பிவிடும். அதற்குப்பின் தளர்ந்த அந்தச் சேவையோடு எத்தொடர்பும் இல்லாத கோரிக்கைகளும் வாசலிலேயே நிற்கும். முழுதாக விழுந்த சர்வரைவிட மெதுவாகிப்போன சர்வர் அதிகத் தீங்கு விளைவிப்பதன் காரணம் இதுதான்.

ஒப்படைத்துவிட்டுப் போகும் மரபு

எதிர் முகாமின் விடை, செய்தியை நம்பகமான ஒரு வரிசையில் சேர்த்துவிட்டு அழைத்தவர் விலகிவிடுவது. வெளியூருக்குத் தொலைபேசியில் பேச எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் பதிவுசெய்து, ரிசீவரை வைத்துவிட்டு வீட்டு வேலையைக் கவனித்து, இணைப்புக் கிடைத்ததும் மணி அடிக்கப் போய் எடுத்த தலைமுறைக்கு இம்முறையை விளக்கத் தேவையில்லை. 1993இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட எம்க்யூசீரிஸ் இவ்வகை வரிசை மென்பொருளை வங்கிகளிடம் பரவலாகக் கொண்டுசென்றது. 2003இல் கிரெகர் ஹோப், பாபி உல்ஃப் இருவரும் வெளியிட்ட நூல், அமைப்புகளை இணைப்பதற்கான 65 வடிவமைப்பு உத்திகளைப் பெயரிட்டுத் தொகுத்ததோடு, இணைப்பு வேலைக்குச் செய்தியனுப்புதலே பெரும்பாலும் ஏற்றது என்ற நிலைப்பாட்டையும் வலுவாக முன்வைத்தது.

இந்தியாவில் இம்மரபின் மிகப்பெரிய சான்று யுபிஐ. தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016இல் தொடங்கிய இந்த அமைப்பில், வங்கிகளுக்கும் கழகத்தின் மையத்துக்கும் இடையே செல்லும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ‘பெற்றுக்கொண்டோம்’ என்ற ஒப்புகை மட்டுமே உடனே வரும். உண்மையான விடை பின்னர் தனியொரு செய்தியாக எதிர்த்திசையில் வந்து சேரும். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் தகவல் பரிமாற்ற வாயிலும், ஓஎன்டிசி வணிக வலைப்பின்னல் பின்பற்றும் பெக்கன் நெறிமுறையும் இதே பாணியில் வடிவமைக்கப்பட்டவை. ஆயினும் தேநீர்க் கடையில் பணம் செலுத்துபவர் தம் கைப்பேசித் திரையில் பச்சைக் குறி விழும்வரை நின்றுகொண்டுதான் இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே காத்திராத அமைப்பு, வெளியே காத்திருக்கும் மனிதர் என்பதே யுபிஐயின் உண்மையான வடிவம். காத்திருப்பு ஒழிந்துவிடவில்லை, சர்வர்களிடமிருந்து விலக்கப்பட்டிருக்கிறது.

இம்மரபின் பலவீனங்களும் சிறியவை அல்ல. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பதைப் பொருத்திப் பார்க்கத் தனி எண் வேண்டும். பதில் வராமலே போன கேள்விகளைத் தேடிப் பிடிக்கத் தனிக் கணக்குச் சரிபார்ப்பு வேண்டும். ஒரே செய்தி இருமுறை வந்தால் இரண்டாவதை அடையாளம் கண்டு தள்ள வேண்டும். காத்திருப்பு அழைப்பில் உடனே கண்ணில் படும் கோளாறு, இங்கே வரிசைக்குள் அமைதியாகக் குவிந்து, மறுநாள் காலையில்தான் வெளிப்படும். பணம் கணக்கிலிருந்து போயும் பெறுநரைச் சேராமல் ‘நிலுவையில்’ என்று நிற்கும் பரிவர்த்தனை இதன் பொதுமக்கள் முகம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் தானாகத் திருப்பியாக வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் விதித்தது. தொழில்நுட்பத்தால் நீக்க முடியாத ஐயத்தின் செலவை யார் ஏற்பது என்பதை ஒரு விதி வெளிப்படையாகத் தீர்மானித்த இந்நிகழ்வுக்கு, இத்துறையின் எழுத்துகள் போதிய கவனம் தந்ததாகத் தெரியவில்லை.

ஒரு விரல் ரேகையின் பயணம்

தமிழ்நாட்டில் குடும்ப அட்டைகள் 2017 முதல் கியூஆர் குறி பொறித்த ஸ்மார்ட் அட்டைகளாயின. விற்பனை முடிந்ததும் வாங்கிய பொருள்களின் விவரம் அட்டைதாரரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகச் செல்லும் முறையும் வந்தது. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தபோது, விரல் ரேகை வழியே ஆதார் சரிபார்ப்பும் கடைக்குள் நுழைந்தது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 16 லட்சம் மக்களைக் கொண்டதும், அவர்களுள் பெரும்பாலோர் கிராமங்களில் வாழ்வதுமான புதுக்கோட்டை மாவட்டத்தில், காத்திருப்பு அழைப்பை மக்கள் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இந்தக் கடைதான்.

அந்தச் சந்திப்பைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது பயனுள்ளது. விற்பனையாளர் அட்டையை ஸ்கேன் செய்ததும் குடும்பத்தின் விவரம் மாநில வழங்கல் துறையின் சர்வரிலிருந்து பிஓஎஸ் எனப்படும் விற்பனைக் கருவியின் திரைக்கு வருகிறது. உறுப்பினர் ஒருவர் கண்ணாடித் தகட்டில் விரலை வைக்கிறார். கருவிக்குள்ளேயே மறையாக்கம் செய்யப்பட்ட ரேகை, சிம் அட்டையின் இணைப்பு வழியே மாநிலச் சர்வருக்கும், அங்கிருந்து ஆதார் ஆணையத்தின் உரிமம் பெற்ற இணைப்பு முகமைக்கும், அம்முகமையின் தனிப் பாதை வழியே ஆணையத்தின் மையத் தரவுக் களஞ்சியத்துக்கும் செல்கிறது. களஞ்சியம் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்கிறது. அப்பதில் வந்த வழியே திரும்பிக் கடையை அடைந்த பிறகே விற்பனைத் திரை திறக்கிறது. விராலிமலைப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் வேலைசெய்யும் பீகார்க்காரர் தம் மாநில அட்டையோடு வந்தால், அவருடைய ஒதுக்கீட்டை அறிய மத்திய அரசின் தளமும் சங்கிலியில் சேர்ந்துகொள்கிறது. இத்தனை கண்ணிகளும் ஒன்றுக்கொன்று காத்து நிற்பவை.

வரிசையில் நிற்போர் இச்சங்கிலியின் கோளாறுகளை ‘சர்வர் இல்லை’, ‘டவர் கிடைக்கவில்லை’, ‘கைரேகை விழவில்லை’ என்ற மூன்று தொடர்களில் கேட்கிறார்கள். பொறியியல் நோக்கில் இம்மூன்றும் வெவ்வேறானவை. ரேகை பொருந்தவில்லை என்பது 300 என்ற பிழை எண்ணோடு களஞ்சியம் தரும் தெளிவான பதில். அதற்குத் தீர்வு விரலைத் துடைத்து மீண்டும் வைப்பது, வேறு விரலை வைப்பது, கருவிழிச் சரிபார்ப்புக்கு மாறுவது முதலியன. மற்றவை பதிலே வராத நிலைகள். அவற்றுக்கு விரலை எத்தனை முறை மாற்றி வைத்தாலும் பயனில்லை. இடைநிலை மென்பொருள் இரண்டையும் ‘சரிபார்ப்புத் தோல்வி’ என்ற ஒரே செய்திக்குள் அடக்கிவிட்டால், எதைச் செய்வது என்று அறியாத விற்பனையாளர் வரிசையின் கோபத்தை ஏற்க நேர்கிறது. கல்குவாரியில் கல் உடைப்பவர்களுக்கும், ஆதனக்கோட்டைப் பகுதியில் முந்திரிக்கொட்டையை வறுத்து உடைப்பதால் ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனித் தோல் அரிபட்டவர்களுக்கும் இவ்வேறுபாடு சிறிய செய்தியன்று. தம் விரலில்தான் குறை என்று நம்பித் திரும்புபவருள் ஒருசாரார் உண்மையில் எங்கோ ஒரு சர்வரின் மௌனத்துக்காகத் திரும்புகின்றனர்.

இச்சங்கிலியில் ஓடுவது ஒரே வகை அழைப்பன்று என்பது இன்னும் முக்கியமானது. ஆளை அடையாளம் காணும் அழைப்பு எதையும் மாற்றுவதில்லை. பத்து முறை கேட்டாலும் அதே விடைதான், தீங்கில்லை. விற்பனையைப் பதிவுசெய்யும் அழைப்போ இருப்பையும் மாத ஒதுக்கீட்டையும் குறைக்கிறது. அதன் பதில் வழியில் தொலைந்து, விற்பனையாளர் பொத்தானை மறுபடி அழுத்தினால், அமைப்பு கவனமாக எழுதப்படாதவிடத்து ஒரே விற்பனை இருமுறை பதிவாகலாம். அழுத்தாமல் விட்டால், பொருள் போன பின்னும் பதிவு இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு விற்பனைக்கும் கருவியிலேயே ஒரு தனி எண் பிறந்து, மறுமுயற்சியிலும் அதே எண் செல்லுமானால், சர்வர் இரண்டாவதைப் பழையது என்று அறிந்து ஒதுக்கிவிடும். அவ்வாறு அமைந்த பதிவுக்குக் காத்திருப்பே தேவையில்லை. கருவியில் சேமித்து இணைப்பு வந்ததும் அனுப்பினால் போதும். ஆகவே அடையாளம் காண்பதற்குக் காத்திருப்பு வேண்டுமா என்பதே வாதத்துக்குரியதாக எஞ்சுகிறது.

அடையாளம் உடனே தெரிந்தாக வேண்டுமா?

ஆம் என்போரின் வாதத்துக்கு அடிப்படை உண்டு. வராத அட்டைதாரரின் பெயரில் விற்பனை பதிவாவதும், வாங்காத பொருளுக்குக் குறுஞ்செய்தி வருவதும் தமிழ்நாட்டில் நெடுநாள் புகார்கள். விரல் ரேகை கேட்கும்போது, அட்டைதாரர் கடைக்கு வராமல் அவர் பெயரில் பதிவு செய்வது கடினமாகிறது. ஆனால் வந்தவருக்கு எத்தனை கிலோ அளக்கப்பட்டது என்பதைப் பற்றி ரேகை எதுவும் சொல்லாது. அக்குறையை நோக்கியே அண்மையில் மின்னணுத் தராசையும் பிஓஎஸ் கருவியோடு இணைக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. நோக்கம் சரியானதே எனினும், அது காத்திருப்புச் சங்கிலியில் மேலும் ஒரு கண்ணி என்பதையும் மறக்கலாகாது.

எதிர்த்தரப்பில் ஜீன் டிரேஸ் முதலிய பொருளியலாளர்கள், ஜார்க்கண்டைப் பற்றி 2017இல் வெளிவந்த தங்கள் ஆய்வின் அடிப்படையில், இணைப்பையும் ரேகையையும் ஒருங்கே நம்பும் முறை ஏழைகளுக்கு வலியைக் கூட்டியதே தவிர அதற்கீடான பயனைத் தரவில்லை என்று வாதிட்டனர். ஜார்க்கண்டின் முடிவுகளை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும். இங்கே பொது விநியோகம் அனைவருக்குமானது. பெரும்பாலான கடைகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. அட்டை இருப்பவர் தகுதியானவரா என்ற கேள்வியே பெரிதும் எழுவதில்லை. தகுதி பற்றிய ஐயம் குறைவாக உள்ள இடத்தில் உடனடிச் சரிபார்ப்பின் தேவையும் அந்த அளவுக்குக் குறைகிறது என்றே கொள்ளத் தோன்றுகிறது.

சட்டம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆதார் அங்கீகார ஒழுங்குமுறைகள், சரிபார்ப்பைக் கோரும் அமைப்பு தோல்வி நேரும்போது பயன்படுத்த மாற்று ஏற்பாடுகளையும் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தன. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், அரசு உதவிகளுக்கு ஆதாரைக் கோர இடம்தரும் ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவை ஏற்றபோதும், சரிபார்ப்புத் தோல்வியால் எவருக்கும் உரிய பயன் மறுக்கப்படக் கூடாது என்ற கவலையைப் பதிவுசெய்தது. ஆக, அடையாளம் உடனே தெரியாவிட்டாலும் பொருளைத் தரலாம் என்ற கொள்கை முடிவு ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கடையின் கருவி எத்தனை நொடிகளுக்குப் பிறகு, யாருடைய அனுமதியோடு செயல்படுத்தும் என்பதுதான் எளிதில் தென்படாமல் இருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தின் மின்கம்பங்களைச் சாய்த்துப் பல ஊர்களை நாட்கணக்கில் இருளில் விட்டபோது, தமிழ்நாட்டுக் கடைகளுக்கு விரல் ரேகை முறை வந்திருக்கவில்லை. அத்தகைய புயல் மீண்டும் வருமானால், அரிசி மிகுதியாகத் தேவைப்படும் அந்த வாரத்திலேயே சங்கிலியின் முதற்கண்ணி அறுந்திருக்கும்.

நடுவழிகள்

இரு முகாம்களுக்கும் இடையே கடந்த இருபது ஆண்டுகளில் பல உத்திகள் உருவாயின. அழைப்பை அனுப்பிய இழை, அதாவது சர்வருக்குள் ஒரு வேலையைச் சுமந்து செல்லும் செயல்தொடர், தூங்கி நிற்காமல் வேறு கோரிக்கைகளைக் கவனிக்கும்படி எழுதுவது ஒன்று. இது சர்வரின் சுமையைக் குறைக்குமே அன்றி, கடையில் நிற்பவரின் காத்திருப்பை ஒரு நொடியும் குறைக்காது. இவ்விரு காத்திருப்புகளையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வது துறையில் பரவலாகக் காணப்படும் தவறு.

மைக்கேல் நைகார்ட் 2007இல் வெளியிட்ட நூலால் பரவலான ‘சர்க்யூட் பிரேக்கர்’ உத்தி இதனினும் பயனுள்ளது. தொடர்ந்து தோற்கும் சேவையைச் சிறிது நேரம் அழைக்காமலேயே விட்டு, அழைத்தவருக்கு உடனே ‘இப்போது இயலாது’ என்று சொல்லிவிடுவதால், தளர்ந்த சேவைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. விற்பனையாளரும் மாற்று வழிக்கு உடனே போகலாம்.

காலக்கெடுவைப் பகிர்ந்தளிப்பதில்தான் நடைமுறைத் தவறுகள் மிகுதி. கடைக் கருவி, மாநிலச் சர்வர், இணைப்பு முகமை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே 30 நொடி காத்திருக்கும்படி அமைக்கப்பட்டால், உள்ளே பதில் தயாராகும் தறுவாயில் வெளியே இருப்பவர் கைவிட்டிருப்பார். அந்தப் பதில் யாருக்கும் பயன்படாது. வெளிக்கண்ணியின் கெடு உட்கண்ணியின் கெடுவைவிட நீண்டிருக்க வேண்டும் என்பது எளிய விதிதான். ஆனால் ஒவ்வொரு கண்ணியும் வெவ்வேறு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது அதை மொத்தமாகப் பார்ப்பவர் எவருமில்லை. மறுமுயற்சிகளும் அப்படியே: மூன்று அடுக்குகளும் தத்தம் பங்குக்கு மும்முறை முயன்றால், ஒரே விரலுக்காகக் களஞ்சியத்தை 27 கோரிக்கைகள் தட்டும், அதுவும் அது தளர்ந்திருக்கும் வேளையில்.

இணைப்பில்லாமல் சேமித்துப் பின்னர் அனுப்பும் வழி, நூறு நாள் வேலைத் திட்டத்தில் சோதிக்கப்பட்டது. 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட கைப்பேசிச் செயலி வழியான வருகைப் பதிவில், பணித்தளத்தில் எடுக்கும் படங்களைக் கருவியிலேயே வைத்திருந்து சிக்னல் கிடைக்கும் இடத்தில் அனுப்ப இடம் தரப்பட்டது. அங்கும் வேலை தொடங்கும் முன் வருகைப் பட்டியலைப் பதிவிறக்க இணைப்பு வேண்டியிருந்ததால், காத்திருப்பு முழுதாக நீங்கிவிடவில்லை. ஆனால் அது நாள் முழுவதிலும் ஏதோ ஒரு கணத்துக்குச் சுருங்கியது. நியாய விலைக் கடைக் கருவிகளுக்கும் முழு இணைப்பு, பகுதி இணைப்பு, இணைப்பின்மை என்ற மூன்று நிலைகள் மத்திய அரசின் கணினிமயமாக்க வழிகாட்டுதல்களில் முன்பே இடம்பெற்றவைதாம்.

தீராதவை

இக்கருத்துகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு கூறலாம். விற்பனைப் பதிவைக் காத்திருப்பு அழைப்பாக வைத்திருக்கப் பொறியியல் காரணம் எதுவும் வலுவாக இல்லை. பதில் ‘இல்லை’ என்று வந்ததற்கும் பதிலே வராததற்கும் உள்ள வேறுபாட்டை இடைநிலை மென்பொருள் கடைசித் திரைவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதில் எந்த முகாமுக்கும் மறுப்பிருக்காது. அடையாள அழைப்பைப் பொறுத்தவரை, குறுகிய கெடு வைத்துக் காத்திருந்து, கெடு கடந்தால் பொருளைக் கொடுத்துவிட்டுச் சரிபார்ப்பைப் பிறகு முடிப்பதே தமிழ்நாட்டின் அனைவருக்குமான விநியோகத்துக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. குறுஞ்செய்தி அனுப்பும் முறை ஏற்கெனவே இருப்பதால், தவறான பதிவை அட்டைதாரரே சுட்டிக்காட்டும் வழியும் திறந்திருக்கிறது.

திறந்தே இருப்பவை வேறு. இணைப்பில்லாத நிலையில் தரப்படும் பொருளில் முறைகேடு எவ்வளவு கூடும் என்பதற்கு மாவட்ட அளவிலான நம்பகமான அளவீடு வேண்டும்; அந்த அளவீடு இல்லாமல் இரு தரப்பும் தத்தம் அச்சத்தையே எண்ணாகப் பேசும். இணைப்பு இல்லை என்று விற்பனையாளரே வேண்டுமென்று காட்ட இயலாதபடி அந்நிலையை எவ்வாறு உறுதிசெய்வது என்பதற்கு முழுமையான தொழில்நுட்ப விடை இல்லை. பல நிறுவனங்களின் சர்வர்கள் கோக்கும் சங்கிலிக்கு மொத்தப் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தங்களால் தீர வேண்டியது, மென்பொருளால் தீராது.

இழப்பீடும் அப்படியே. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, உரிய தானியம் வழங்கப்படாவிட்டால் உணவுப் பாதுகாப்பு உதவித்தொகை பெறும் உரிமையைத் தருகிறது. பதில் வராத சர்வருக்காக ஒருவர் இழந்த ஒரு நாள் கூலியைப் பற்றி அது பேசவில்லை. யுபிஐயில் தாமதமான பணத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் என்று விதிக்க முடிந்த நாட்டில், கடைவாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அட்டைதாரருக்கும் அதற்கு இணையான விதி ஒன்றை மாநில அரசு வகுக்க வேண்டும். அதுவரை, சர்வர் பதில் சொல்லாத ஒவ்வொரு முறையும் அதற்கான செலவைக் கூலித் தொழிலாளியே ஏற்கிறார்.